பக்கத்தில் உட்காருகிறவள்

ஜூன் 8

அன்புள்ள வாண்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் ஒரு "ம்", பிறகு "வேலை இருக்கு அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுக்க வேண்டுமே என்றுதான் பேனாவைப் பிடித்தேன். முதியோர் இல்லத்தில் அத்தனை பேரை மேய்க்கிற சூப்பர்வைசரை இந்த வயதில் வாண்டு என்று கூப்பிடுவதா என்று கோபிக்காதே. உன் அண்ணன் வைத்த பெயர். இந்த வீட்டுக்குள் உனக்கு வேறு பெயர் கிடையாது.

கடவுள் கிருபையில் நான் நலம். படி ஏறும்போது மட்டும் முழங்கால் முணுமுணுக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை பதிமூன்றோடு உன் அண்ணன் போய் ஒரு வருஷம். அன்று காலை வீட்டில் பிரார்த்தனை. நீ வர வேண்டும். அவரோடு கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதான். போன வருஷம் நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தோம். பெட்டியைக் கீழே வைக்காமல் வாசலில் நின்றாய். அந்த நிற்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பிறர் வாயிலிருந்து கேட்பதற்கு முன் என்னிடமிருந்தே கேட்டுக்கொள். உலகக் கால்பந்துப் போட்டி இந்த வாரம் தொடங்குகிறது. வருஷா வருஷம் இந்த மாதத்தில் கால்பந்தோ, கிரிக்கெட்டோ, ஓட்டப்பந்தயமோ, ஏதோ ஒன்று வந்துவிடும். நம் கட்டடத்து ஆட்கள் எல்லாரும் நம் ஹாலில்தான் பார்ப்பார்கள். போன வருஷம் அவர் படுக்கையில் விழுந்ததும் டிவி மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். அதை இன்னும் எடுக்கவில்லை. முந்தாநாள் தையல்காரரும் லிப்ட் மெக்கானிக்கும் வந்தார்கள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

"நீ சொல்லுய்யா."

"நீங்கதானே பெரியவரு. நீங்க சொல்லுங்க."

"என்ன, லிப்ட் நின்னுபோச்சா?" என்றேன்.

"லிப்ட் ஓடுதுக்கா. நாங்கதான் நின்னுட்டோம்" என்றார் மெக்கானிக்.

தையல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இந்த வருஷமும் இங்கயே பார்த்துக்கலாமாக்கா? வேணாம்னா பரவாயில்ல. ஆளாளுக்கு வீட்ல டிவி இருக்கு. ஆனா தனித்தனியா உட்கார மனசு வரல."

சரி என்று சொல்லிவிட்டேன். இறுதி ஆட்டமும் அதே பதிமூன்றாம் தேதி மாலை வந்து விழுகிறது. காலையில் பிரார்த்தனை, மாலையில் ஆட்டம். உனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் சத்தம் இருக்காது. நீ பார்க்காததா? நான் உள் அறையில் பிரார்த்தனையில் இருப்பேன் என்று டிவியின் குரலை அடியோடு அணைத்துவிட்டுத்தானே உன் அண்ணன் எல்லாரையும் பார்க்க வைப்பார். கோல் விழுந்தாலும் வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிற கூட்டம். அந்த வழக்கம் அப்படியே இருக்கும்.

உன் தலையணைக்கு உறை மாற்றிவிட்டேன். வா.

அண்ணி

—

ஜூன் 15

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கலாம். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அது உங்கள் இரண்டு பேருடைய பழக்கம்.

வருஷம் திரும்புவதற்குள் அந்த ஹாலில் பந்தாட்டம். அதிலும் சத்தம் இருக்காது என்று எனக்கு ஆறுதல் வேறு. உங்களை ஒன்று கேட்கிறேன் அண்ணி. ஊமை டிவி அண்ணனுக்குப் பிடித்தது என்றா இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? பஸ் டிப்போவில் டயர் கழற்றும் இடத்தில் ரேடியோவை அலறவிட்டு வர்ணனை கேட்கிற மனிதர் அவர். சாப்பாட்டுப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியும். வீட்டில் உங்களுக்காக அடக்கிக்கொண்டார்.

"உங்கண்ணி எழுந்துட்டாளா பாரு, சத்தம் வெச்சுக்கலாம்" என்று என்னைத்தான் அனுப்புவார். கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பேன். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

"இன்னும் இருக்காங்கண்ணே."

"சரி, விடு."

ஆட்டம் முடியும் வரை நீங்கள் ஒரு நாளும் எழுந்து வந்ததில்லை. அவ்வளவு நேரம் கடவுளிடம் என்னதான் கேட்டீர்கள்? அவருக்கு நல்ல நுரையீரல் கேட்டிருக்கலாமே.

இதைக் கோபத்தில் எழுதுகிறேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

இங்கே என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். படுக்கை மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் மற்றப் பெண்கள் செய்துவிடுவார்கள். ஒருவருக்குக் கடைசி நேரம் என்று தெரிந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன். யார் யாருக்கோ உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் வரை என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் உட்கார்ந்திருக்கிறேன். என் அண்ணன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தார். நீங்கள் போனில் "சளிதான், சரியாயிடும்" என்றீர்கள்.

என்னை ஏன் கூப்பிடவில்லை?

வாண்டு

—

ஜூன் 21

வாண்டு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உள் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அன்று பிரார்த்தனை வரவில்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பிரார்த்தனை என்றைக்குமே கால் மணி நேரம்தான். கடவுளைப் பிடித்து வைத்துக்கொண்டு அரட்டை அடிக்கிறவள் இல்லை நான். அவருக்குப் போக வேண்டிய வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. முடித்துவிட்டு எழுந்து கதவுப் பக்கம் வருவேன். ஹாலில் மூச்சு விடும் சத்தம்கூட இருக்காது. தரை முழுக்க ஆண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். நான் வெளியே வந்தால் அத்தனை பேரும் காலை மடக்கிக்கொண்டு, "வாங்கக்கா, உட்காருங்கக்கா" என்று எழுந்து, ஆட்டமே கலைந்துவிடும். பிறகு இன்னொன்று. இவ்வளவு அமைதியாக இருக்கிறார்களே, பந்தாட்டம் என்றால் இப்படித்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். சிரிக்காதே. நான் வேறு எங்கே போய்ப் பார்த்தேன்?

எவ்வளவு நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது? கீழ்வீட்டு டீச்சரிடம் ஒரு கதைப் புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கூட்டி, அந்த ஒரு புத்தகம் முடியவே ஒரு போட்டி முழுக்க ஆகிவிட்டது. அடுத்த வருஷம் இன்னொன்று. பிறகு டீச்சர் தன் அலமாரிச் சாவியையே கொடுத்துவிட்டார். இன்றைக்கு அவர் சனிக்கிழமை நடத்துகிற வாசிப்புக் கூட்டத்துக்கு நான் தவறாமல் போகிறேன் என்றால், அந்த அறையில் படித்த படிப்புதான் காரணம். நீ கதவிடுக்கில் பார்த்த முதுகு பிரார்த்தனை செய்த முதுகு இல்லை. கதை படித்த முதுகு.

நான் எழுந்து வருவேன் என்று அவர் அந்தப் பக்கம் காத்திருந்தார். அவர்கள் முடிக்கட்டும் என்று நான் இந்தப் பக்கம் காத்திருந்தேன். நடுவில் இருந்த கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

நேற்று ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு நான் ஹாலுக்கே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். நினைத்தது போலவே எல்லாரும் காலை மடக்கினார்கள். "நீட்டுங்க, நீட்டுங்க. இன்னிக்கு நானும் பார்க்கப் போறேன்" என்றேன். சத்தத்துக்கு எந்தப் பொத்தான் என்று மெக்கானிக்கிடம் கேட்டு அழுத்தினேன். பெட்டிக்குள்ளிருந்து ஊரே கத்தியது. தையல்காரர் சட்டையில் டீயைக் கொட்டிக்கொண்டார். மூன்றாம் மாடிக்காரர் செருப்பில்லாமல் ஓடி வந்து, "அக்காவுக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

கோல் விழுந்தது. டிவியில் இருக்கிறவன் தொண்டை கிழியக் கத்துகிறான். நம் ஆட்களில் ஒருவர் வாயும் திறக்கவில்லை. கைகள் மட்டும் மேலே போயின. போனவை இறங்கவே இல்லை. ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு நான் கேட்டேன். "சத்தம் இல்லாம அவருக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

"கஷ்டமா?" என்றார் தையல்காரர். "வர்ணனையெல்லாம் அவரேதான்கா சொல்லுவாரு, காதோட காதா. 'இப்ப பாரு, இடது பக்கம் தள்ளுவான் பாரு'ன்னு. டிவிக்காரன் சொல்றதை எங்க வீட்லயே கேட்டுக்கலாமே. இவர் கிசுகிசுக்கறதைக் கேக்கத்தான் இங்க வந்தோம்."

"பாதி தப்பாத்தான் சொல்லுவாரு" என்றார் மெக்கானிக். "இடதுன்னா வலது பக்கம் போகும் பந்து."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுந்து சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

நீ கடைசியாகக் கேட்டாயே, அதற்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை. நேரில் வா, சொல்கிறேன்.

அண்ணி

—

ஜூன் 27

அண்ணிக்கு,

இடமில்லையாம். தாளின் பின்பக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறது.

புத்தகமா படித்தீர்கள்! "எங்க அண்ணி பிரார்த்தனையில உட்கார்ந்தா உலகம் இடிஞ்சாலும் எழுந்திருக்க மாட்டாங்க" என்று இங்கே இருக்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்து வைத்திருக்கிறேன். நான் எழுதிய அந்த நுரையீரல் வாக்கியத்தை மட்டும் மன்னித்துவிடுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

இங்கேயும் பொது அறையில் ஆட்டம் ஓடுகிறது. பாதிப் பேருக்குக் காது கேட்காது, அதனால் சத்தம் தெருமுனை வரை போகிறது. எந்த அணி எது என்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் கை தட்டுகிறார்கள். போன வாரம் முன்வரிசையில் உட்கார்ந்து நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தவர், பழைய கப்பல் சமையல்காரர், இந்த வாரம் இல்லை. அவர் கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் மறுநாள் வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தீங்களே, அது போதும்" என்று அழுதாள். நானும் தலையாட்டினேன். அவள் போன பிறகுதான் தோன்றியது. என் அண்ணனுக்குக் கூட இருந்தவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியவள் நான் என்பதால் வாய் வரவில்லை.

நான் தூரத்தில் இருக்கிறேன், செலவு, அலைச்சல் என்றெல்லாம் எழுதாதீர்கள். கூப்பிட்டிருந்தால் அன்றே கிளம்பியிருப்பேன், அது உங்களுக்கும் தெரியும்.

கேட்டதற்குப் பதில் எழுதுங்கள். எழுதினால் வருவதைப் பற்றி யோசிக்கிறேன். நேரில் சொல்கிறேன் என்று இன்னொரு கடிதம் வந்தால் அதை நிச்சயம் கிழித்துவிடுவேன். அதற்குப் பிறகு நீங்கள் எழுத வேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

வாண்டு

—

ஜூலை 2

வாண்டு,

இரண்டு தாளை எழுதிக் கசக்கிப்போட்டேன். இது மூன்றாவது. இதைக் கசக்காமல் உறையில் போடும் பலத்தைக் கொடு என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

டாக்டர் இரண்டாவது தடவை படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார். அன்றே வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணனிடம் கேட்டேன்.

"வாண்டுவைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம்."

"ஏங்க? அவளுக்குத்தானே இதெல்லாம் நல்லாத் தெரியும். வந்து பார்த்துக்குவா."

"அதனாலதான் வேணாம்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அவ வந்து பக்கத்துல உட்கார்ந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அவ வேலையே அதுதானே. அவ முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோயிடும். எனக்கு இன்னும் தெரிய வேணாம்."

நான் அவர் தலையணையைச் சரிசெய்தேன். அவரே, "கோவிச்சுக்காத. எனக்குப் பயமா இருக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். டயர் வெடித்துத் தோளில் தையல் போட்டுக்கொண்டு வந்த அன்றும் விசில் அடித்துக்கொண்டே படியேறியவர்.

அதற்குப் பிறகும் கேட்டேன். ஒரு தடவை, "அவ சும்மா லீவுல வர்ற மாதிரி வந்தா சரி. நீ கூப்பிட்டு வரக் கூடாது" என்றார். நீயாக வரும் மாதம் அது இல்லை. நீயாக வர வேண்டும் என்று நான் எத்தனை தடவை கேட்டேன் என்பது மேலே இருப்பவருக்குத் தெரியும். உன்னிடம் வாய் திறந்து சொல்லவில்லை, கடவுளிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று உன் கடிதங்களைப் படித்த பிறகு புரிகிறது.

கடைசி நாள் காலை கஞ்சி இரண்டு கரண்டி குடித்தார். கண்ணைத் திறக்காமல், "இன்னிக்கு அவளுக்கு லீவா?" என்று கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "விசாரிக்கறேன்" என்றேன். உடனே உனக்குப் போன் போட்டேன். வேலை நேரம், நீ எடுக்கவில்லை. நீ திரும்பக் கூப்பிட்டபோது அவர் போய்விட்டிருந்தார். என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும்.

அவர் பயந்தது உன்னைப் பார்த்து இல்லை. அதை நன்றாகப் புரிந்துகொள். ஆனாலும் உன் முகத்தைப் பற்றி அவர் இப்படிச் சொன்னார் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? தினமும் அந்த முகத்தோடுதானே நீ ஒரு அறைக்குள் போகிறாய். நான் சொன்ன பிறகு நீ எப்படிப் போவாய்? அந்தப் பயத்தில்தான் ஒரு வருஷம் உன்னுடைய கோபத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். கோபம் எனக்குப் பாரமாக இல்லை. நீ பேசாததுதான் பாரமாக இருந்தது.

சொல்லிவிட்டேன். இனி நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அண்ணி

—

ஜூலை 8

அண்ணி,

உங்கள் கடிதத்தைத் துணி அறையில் நின்றபடி படித்தேன். படித்து முடித்ததும் துவைத்து மடித்த போர்வைகள் மேல் உட்கார்ந்துவிட்டேன். வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்து, "மேடம், யாருக்காவது…?" என்று கேட்டாள். இல்லை, எனக்குத்தான் என்றேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இங்கே இருக்கிற பெரியவர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசி பஸ். நான் நடைவழியில் போனால், "கடைசி பஸ் யாரை ஏத்தப் போகுதோ" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நான் எந்த அறை வாசலில் நின்றாலும் உள்ளே இருக்கிறவர் முகம் ஒரு கணம் வெளுத்துப்போகும். மாத்திரை கொடுக்கத்தான் வந்தேன் என்று தெரிந்த பிறகுதான் நிறம் திரும்பும். பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அண்ணன் நன்றாக இருந்த காலத்தில் போனில் இதை அவரிடம் சொன்னேன். டிப்போக்காரரின் தங்கைக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா என்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நான் சிரிக்கச் சொன்னதை அவர் அங்கே படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி வருகிறேன். யாரும் என்னைக் கூப்பிட்டு நான் வரவில்லை, சும்மா வருகிறேன். அவர் கேட்டபடி.

வாண்டு

—

ஜூலை 19

என் வாண்டுவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. உன் மூக்குக் கண்ணாடிக் கூடு இங்கேயே இருக்கிறது. உள்ளே கண்ணாடி இல்லை, அதனால் நீ பிழைத்தாய்.

பிரார்த்தனையில் நான் எழுந்து நின்று வாசித்தபோது கை நடுங்கியதை எல்லாரும் பார்த்தார்களாம். டீச்சர் சொன்னார், "கை நடுங்கினா என்ன, குரல் நடுங்கல" என்று. அவருக்கு என்ன, சொல்லுவார். எல்லார் முன்னாலும் வாசித்தது அதுதான் எனக்கு முதல் தடவை. அவர் கேட்டிருந்தால் எவ்வளவு கேலி செய்திருப்பார்.

மாலையில் கோல் விழுந்தபோது நீ தொண்டை கிழியக் கத்தினாயே, ஹாலே உன் பக்கம் திரும்பிற்று. யாரோ தெருவில் போகிறவள் உள்ளே புகுந்துவிட்டதாக மூன்றாம் மாடிக்காரர் நினைத்தாராம். ஒரு நொடிதான். பிறகு அத்தனை பேரும் கத்தினார்கள். தையல்காரருக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை. துணி அளவு எடுக்கும்போது சைகையில் பேசுகிறார்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது இரண்டுக்கும் நடுவில் இருந்த மத்தியான நேரம். வந்தவர்கள் போன பிறகு அவர் படுத்த கட்டில் பக்கத்தில் நீ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். வெறும் கட்டில், விரிப்புகூட இல்லை. உன்னைத் தனியாக விட வேண்டும் என்று நான் கதவைச் சாத்தப் போனேன். பாதி சாத்திவிட்டு நின்றேன். பிறகு திறந்துகொண்டு உள்ளே வந்து, இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். "அண்ணி, கூட இருந்தீங்களே" என்று நீ சொன்னது பஸ்ஸில் ஏறிய பிறகு, ஜன்னல் வழியாக. பஸ் நகர்ந்துவிட்டது, நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்குக் கேட்டிருக்காது. ஒன்றும் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன்.

அங்கே போய் வேலைக்குள் நுழைந்தபோது எப்படி இருந்தது? எனக்கு அதுதான் கவலை. எழுது.

அண்ணி

—

ஜூலை 27

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். முதல் நாள் வாசலிலேயே திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது.

இங்கே ஏழாம் அறையில் ஒரு அம்மா இருக்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். கல்லு மாதிரி உடம்பு, நாக்கு அதைவிடக் கல். அவருக்கு ஒன்றும் இல்லை என்பதால்தான் அவர் அறைக்கு முதலில் போனேன். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"எனக்கா? இன்னிக்கா?"

"இல்லம்மா. சும்மா வந்தேன்."

"நீ சும்மா வர்றவ இல்லையே. டாக்டர் என்ன சொன்னாரு? மறைக்காம நேரா சொல்லு."

"உங்களுக்கு மலச்சிக்கல்னு சொன்னாரு."

"அதுக்கு நீ எதுக்கு உட்காரணும்?"

"ஓட்டப்பந்தயம் நடக்குதும்மா. நேத்து யார் யார் ஜெயிச்சாங்கன்னு படிச்சுக் காட்ட வந்தேன்."

அவர் நம்பவில்லை. நான் படித்தேன். விளையாட்டுப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை படித்தேன், சைக்கிள் பந்தயத்தில் பத்தாவதாக வந்தவன் பெயர் வரை. படித்து முடித்து நான் எழுந்து வெளியே போகும் வரை அவர் போர்வையை விடவில்லை.

மறுநாளும் போனேன். பக்கத்து அறைக்கும் போனேன். அங்கே ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் தன் மகனுக்குப் போன் போடச் சொல்லிவிட்டார். மகன் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நல்லாயிருக்கறவங்க பக்கத்துல உட்கார்ந்து ஏன் பயமுறுத்தறீங்க?" என்று கேட்டார். பழக்கிக்கொண்டிருக்கிறேன் சார் என்றேன். யாரை என்று அவர் கேட்கவில்லை.

நேற்று மூன்றாம் அறையில் உண்மையாகவே என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். எப்போதும் போலக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். முன்பெல்லாம் நான் ஒன்றும் பேசமாட்டேன். நேற்று, "பயமா இருக்கா?" என்று கேட்டேன். ஆமாம் என்று கண்ணை மூடினார். "இருக்கட்டும், நான் இருக்கேன்" என்றேன். அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதை அவரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

முடிந்து, கை கழுவிக்கொண்டு ஏழாம் அறை வழியாக வந்தேன். அந்த அம்மா விழித்துக்கொண்டிருந்தார். நடைவழியில் நடந்ததெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. இன்று இங்கே போக வேண்டாம் என்று நான் தாண்டிப் போனேன்.

"ஏய், இங்க வா" என்று கூப்பிட்டார்.

வாசலில் நின்றேன்.

"அங்க முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்தார். என்னைப் பார்த்து யாராவது இப்படிச் சொல்வார்கள் என்று நான் நினைத்ததே இல்லை அண்ணி. கட்டிலில் சுவர் ஓரமாக நகர்ந்து இடம் விட்டு, "நாற்காலி வேணாம், இங்க உட்காரு" என்றார். "இன்னிக்கு நான் படிக்கறேன். நீ சும்மா கேளு."

வாண்டு